உள்ள இன்னும் மூணு கெடக்கு

கணக்கு டெஸ்டு முடிஞ்சு, பேப்பரை மாத்துங்கன்னு அமலோற்பவம் டீச்சர் சொன்னதும் முன்பெஞ்சுப் பேப்பர் நாலும் பின்னால வந்துச்சு, பின்பெஞ்சுப் பேப்பர் நாலும் முன்னால போச்சு, வந்த நாலுல கைக்கு எது தட்டுப்பட்டுச்சோ அதைத்தான் பிரம்மசக்தி எடுத்தா, தேடியெல்லாம் எடுக்கல, மேல கெடந்த மூணையும் தள்ளிட்டு அடியில கெடந்ததை உருவினது அவ கை பண்ணின வேலை, அதுக்கு அவ என்ன பண்ணுவா, கை சில நேரம் தானாப் போகும், கொசு கடிச்ச இடத்துக்குப் போற மாதிரி. எடுத்துப் பாத்தா பேரு இல்ல, நம்பரும் இல்ல, இருக்கவும் கூடாது, அதுதான் இப்போ ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுல புதுச் சட்டம், பேருக்குப் பதிலா பேப்பருக்குப் பின்னால ஆளுக்கொரு படம் போட்டுக்கணும், பூவோ மீனோ குடையோ, திருத்தி முடிஞ்சதும் எல்லாத்தையும் மேசையில பரப்பி வைப்பாங்க, அவளவ படத்தைப் பாத்து அவளவ எடுத்துக்கணும், யாரு பேப்பரை யாரு திருத்துதான்னு தெரிஞ்சா சண்டை வருதாம். வருதாம்ல, வருதாம். சண்டை போட்டது மொத்தமே ஒருத்திதான், அது பிரம்மசக்திதான், ஒரு பிள்ளை வாய்க்குப் பயந்து ஒரு வகுப்பே மீனு வரையுது, அதை நினைச்சா கோவமும் வந்துச்சு, உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. ஆனா படம் போட்டுட்டா மட்டும் ஆளு தெரியாமப் போயிருமா? இந்தப் பேப்பர்ல நீல மை வரிக்கு வரி இழுவிக் கெடந்துச்சு, எழுதின எழுத்து மேலயே ஒரு கை ஊர்ந்து போன மாதிரி, இடது கையால ஜெல் பேனா பிடிச்சு எழுதினா அப்படித்தான் ஆகும், வகுப்புல இடது கைக்காரி ஒரே ஒருத்தி. ஜோவிட்டா. இந்தா, நேர் முன்னால உக்காந்திருக்கா பாரு, ரெட்டை ஜடையை இழுத்துப் பின்னிக்கிட்டு, முதுகை ஆணி அடிச்ச மாதிரி நிமித்திக்கிட்டு, ரெண்டு வாரத்துக்கு முன்ன வரைக்கும் இதே பெஞ்சுல பிரம்மசக்தி தோள்ல தோள் இடிக்க உக்காந்திருந்தவ, இப்போ கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டாளாம், திருப்பாட்டிப் போ, உன் மூஞ்சியைப் பாக்க இங்க யாரு தவங்கெடக்கா.

சண்டை எதுக்குன்னு கேட்டா சொல்ல வெக்கமா இருக்கும். ஒரு ஒண்ணுக்கு. போன டெஸ்டுல 6x² + 3x குடுத்துக் காரணிப்படுத்துகன்னு கேட்டிருந்தாங்க, ரெண்டுலயும் பொதுவா இருக்கிற பெரிய காரணி மூணு எக்ஸ், அதை பிரம்மசக்தி வெளிய எடுத்தா, உள்ள ரெண்டு எக்ஸ் போட்டா, அடுத்தது மூணு எக்ஸ், அதான் முழுசா வெளிய வந்துருச்சே, பிறகு உள்ள என்ன இருக்கும், வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவன் பாயை மட்டும் விரிச்சுப் போட்டுட்டா போவான், இல்லல்லா, அப்படின்னு அடைப்புக்குறியை மூடிட்டா. 3x(2x). அதைத் திருத்தினது ஜோவிட்டா. பக்கத்துல உக்காந்துக்கிட்டே, பிரம்மசக்தி டிபன் பாக்ஸ்ல இருந்து மத்தியானம் கத்திரிக்காய்க் கூட்டு அள்ளித் தின்ன அதே கையால, பென்சிலை எடுத்து நீட்டா ஒரு தப்புப் போட்டா. ஏட்டி, எனக்கே தப்புப் போடுதியான்னா இவ. ஒரு ஒண்ணை விட்டுட்டட்டி, கூட்டல் ஒண்ணு வரணும்னா அவ. ஒண்ணுமில்லாத இடத்துல ஒண்ணு எங்கயிருந்துட்டி வரும்னு இவ எந்திரிச்சுட்டா, எந்திரிச்சா உக்காருவாளா, டீச்சர் இவ வேணும்னே போடுதா டீச்சர்னு பிடிச்சவ அரைப் பீரியடு விடல, கடைசியில டீச்சர் சாக்பீஸைக் கீழ வச்சுட்டு, சரிட்டி, நீ போட்டதையே திருப்பிப் பெருக்கு, மூணு எக்ஸை ரெண்டு எக்ஸால பெருக்கு, ஆறு எக்ஸ் ஸ்கொயர் வந்துச்சா, வந்துச்சு, கூட்டல் மூணு எக்ஸ் எங்க, கடலுக்குள்ள விழுந்துருச்சான்னு கேட்டாங்க. அப்போ சிரிச்சாளுக பாரு ஒரு சிரிப்பு. ஜன்னல் வழியா வெளிய போய், சைக்கிள் ஷெட்டைத் தாண்டி, உப்பளத்துல வேலை செய்யுறவுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். பிரம்மசக்திக்குக் காது மடல் ரெண்டும் அடுப்புல வச்ச மாதிரி கொதிச்சுச்சு, சிரிச்சவளுகளை ஒருத்தி விடாம பாத்தா, ஜோவிட்டா சிரிக்கல, அதுதான் இன்னும் கோவம், சிரிச்சிருந்தா ஒரு அடியாவது போட்டிருக்கலாம், சிரிக்காம பாவம்போலப் பாத்தா. அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல தாடையில விரலை வச்சுச் சுண்டி, காய்னு சொல்லிட்டா பிரம்மசக்தி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை காய் விடுற வயசா இது? சொல்லும்போதே நாக்கு கூசுச்சு. ஆனா வேற எப்படி விடுறதுன்னு தெரியலையே, பெரியவுக ஒருத்தரை ஒருத்தர் வேண்டாம்னு சொல்லணும்னா எந்த விரலை எங்க வச்சுச் சுண்டுவாகன்னு யாரும் இன்னும் சொல்லிக் குடுக்கலையே.

ஒண்ணாவது விடைன்னு டீச்சர் போர்டுல எழுத ஆரம்பிச்சுட்டாங்க. பிரம்மசக்தி பென்சிலைக் கூராக்கி வச்சிருந்தா, மீன் முள்ளு மாதிரி கூரு, இன்னைக்குத் தெரியும்ட்டி தப்புப் போடுறதுன்னா என்னன்னு. ஒண்ணாவது சரி. சே. ரெண்டாவது சரி. மூணாவது தப்பு, ஆகா, எவ்வளவு அழகா வருது அந்தக் கோடு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. நாலாவது சரி, அஞ்சாவது தப்பு, இவ எப்பவும் இப்படித்தான், எக்ஸும் ஒய்யும் சேந்து வந்தா ரெண்டுல ஒண்ணை மறந்துருவா, கூட உக்காந்து சொல்லிக் குடுத்தா மறக்க மாட்டா, யாரு சொல்லிக் குடுத்தது, பிரம்மசக்திதான், பஸ்ல நின்னுக்கிட்டே, கம்பியில சாஞ்சுக்கிட்டே, எல்லாத்துலயும் பொதுவா என்னட்டி இருக்குன்னு முதல்ல பாரு, எண்ணைப் பாரு, பிறகு எழுத்தைப் பாருன்னு. ஆறாவது சரி. ஏழாவது தப்பு. எட்டாவது சரி. அஞ்சு சரி. பிரம்மசக்தி பென்சில் நின்னுச்சு. பத்தாவதைப் பாத்தா அங்க ஒண்ணுமே எழுதல, நேரம் பத்தாமப் போயிருக்கும், அப்போ இருக்கிறது ஒன்பதாவது மட்டுந்தான். அஞ்சுன்னா என்ன, ஆறுன்னா என்னன்னு வகுப்புல எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை கோவில்பட்டியில த்ரோபால் மேட்ச், பள்ளிக்கூட டீமுல சர்வீஸ் போடுறது ஜோவிட்டா, அந்த இடது கையைச் சுழட்டிப் போட்டான்னா எதுத்தாப்புல நிக்கிறவளுக்குப் பந்து எந்தப் பக்கம் வருதுன்னே தெரியாது, போன வருசம் ரெண்டாவதா வந்தாங்க, இந்த வருசம் கப்பு நமக்குத்தான்னு விளையாட்டு டீச்சர் சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க, ஆனா அமலோற்பவம் டீச்சர் அன்னைக்கே சொல்லிட்டாங்க, கணக்குல ஆறு வாங்காதவ எவளும் வேன்ல ஏற முடியாது, சனிக்கிழமை என்கூட இங்க உக்காந்து கணக்குப் போடலாம், சிஸ்டர்கிட்டயும் சொல்லியாச்சுன்னு. சிஸ்டர்னா தலைமை ஆசிரியை. சிஸ்டர்கிட்டப் போனது திரும்பி வராது. அப்போ ஜோவிட்டா வேன்ல ஏறுறதும் ஏறாததும் இப்போ யாரு கையில இருக்கு? பிரம்மசக்தி கையைப் பாத்தா. பென்சில் இருந்துச்சு. சாமி, நீ இருக்கே.

ஒன்பதாவது −6x² + 9x. டீச்சர் போர்டுல விடை எழுதினாங்க, −3x(2x − 3), எழுதிட்டு எப்பவும் சொல்றதைச் சொன்னாங்க, முதல்ல மைனஸ் வந்தா அதை வாசல்லயே கழட்டி வெளிய வச்சிரணும்ட்டி, அடைப்புக்குள்ள நிக்கிற முத ஆளு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, சிரிச்ச முகமா நிக்கணும். பிரம்மசக்தி பேப்பரைப் பாத்தா. இழுவின மையில 3x(3 − 2x). போர்டுல இருக்கிறது வேற, இது வேற. தப்பு. ஆகா தப்பு! ஒரு கோடு போட்டா போதும், ரெண்டாவது கோடுகூட வேண்டாம், போர்டைப் பாத்து அப்படியே திருத்துன்னுதான் சட்டம், ஒரு குத்தம் சொல்ல முடியாது, போன தடவை அவளும் போர்டைப் பாத்துத்தான போட்டா, அதேதான், அச்சு அசல் அதேதான், போகட்டும், சனிக்கிழமை வேன் கெளம்பட்டும், எல்லாவளும் பாட்டுப் பாடிக்கிட்டுப் போகட்டும், அவ மட்டும் இங்க ஜன்னல் பக்கத்துல உக்காந்து காரணிப்படுத்தட்டும். பென்சில் முனை பேப்பர்ல பட்டுருச்சு. ஒரு புள்ளி. அங்கயே நின்னுச்சு. ஏன் நிக்கே, போடு. கரண்டு போய் பேனு நின்னு போச்சு, பேனு நின்னதும் வகுப்புக்குள்ள எல்லார் வேர்வை வாடையும் ஒண்ணா எந்திரிச்சு நின்னுச்சு, கூடவே ஜன்னல் வழியா கருவாட்டு வாடை, உப்புக் காத்து, முன்னால ஜடை ரெண்டுக்கும் நடுவுல ஜோவிட்டா கழுத்துல ஒரு சொட்டு வேர்வை எறங்குது, காலருக்குள்ள போகுது, அவளுக்கு அங்க கூசும், கூசினா தோளைத் தூக்குவா, இந்தா தூக்குதா பாரு. அந்தத் தோளுக்குப் பக்கத்துலதான மழை பெஞ்ச அன்னைக்கு ஒரே குடையில ஆளுக்குப் பாதி நனைஞ்சுக்கிட்டு வந்தது. பொதுவா இருக்கிறதை எல்லாம் வெளிய எடுன்னு டீச்சர் சொன்னா எதை எதையெல்லாம் எடுக்க வேண்டியிருக்கும், குடை, பஸ்ஸு, பஸ்ல ரெண்டாவது கம்பி, டிபன் பாக்ஸு மூடி, ஆங், மக்ரூன், உடைஞ்ச மக்ரூன், ஜோவிட்டா அத்தை வேலை பாக்கிற பேக்கரியில கூம்பாச் சுடுற மக்ரூன்ல முனை உடைஞ்சதை விக்க மாட்டாங்க, அதை ஒரு தாள்ல சுத்தி அவ கொண்டு வருவா, வாயில போட்டா முந்திரி வாசத்தோட நுரை மாதிரி காணாமப் போகும், முழு மக்ரூனைவிட உடைஞ்சதுதான் ருசின்னு பிரம்மசக்தி ஒரு நாள் பூராவும் வாதாடி ஜெயிச்சிருக்கா. அதெல்லாத்தையும் வெளிய எடுத்துட்டா பிறகு உள்ள என்ன மிச்சம், இவளுக்கு ஒரு வாயி, அவளுக்கு ஒரு இடது கை. ரெண்டு வாரமா மக்ரூன் இல்ல. ரெண்டு வாரமா பஸ்ல ரெண்டாவது கம்பியை இவ மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கா. எவளும் எதுத்துப் பேசல, பேசினா சண்டை வரும்னு எல்லாவளுக்கும் பயம், சண்டை போட ஆளில்லாம வாயி துருப்பிடிச்சுப் போச்சு. சவம், நான் என்னத்தை நினைச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு தப்பைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான.

ஆனா மூணு எக்ஸ் எங்க கடலுக்குள்ள விழுந்துருச்சான்னு ஒரு குரல் உள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சிரிப்பு நாள்ல இருந்து அவளுக்கு இது ஒரு வியாதியாவே ஆயிப் போச்சு, எந்த விடையைப் பாத்தாலும் திருப்பிப் பெருக்காம இருக்க முடியல, பஸ் டிக்கெட்டுல இருக்கிற நம்பரைக்கூட எதையாவது பொதுவா எடுத்துப் பிரிச்சுட்டு மறுபடியும் பெருக்கிப் பாப்பா, யாரும் எதுவும் கடலுக்குள்ள விழுந்துறக் கூடாதுன்னு. சும்மா ஒரு தடவை பெருக்கிப் பாப்போம், பாத்துட்டுத் தப்புப் போடுவோம், ஓடியா போகப் போகுது. மூணு எக்ஸை மூணால பெருக்கு. ஒன்பது எக்ஸ். இருக்கு, கேள்வியிலயும் ஒன்பது எக்ஸ் இருக்கு. மூணு எக்ஸை மைனஸ் ரெண்டு எக்ஸால பெருக்கு. மைனஸ் ஆறு எக்ஸ் ஸ்கொயர். இருக்கு. அதுவும் இருக்கு! முன்ன பின்ன நிக்குதே தவிர ரெண்டு பேரும் வந்துட்டாங்க, ஒருத்தரும் விழல. மறுபடியும் பெருக்கினா. இருக்கு. போர்டுல இருக்கிறதையும் பெருக்கினா, மைனஸ் மூணு எக்ஸை ரெண்டு எக்ஸால, மைனஸ் ஆறு எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் மூணு எக்ஸை மைனஸ் மூணால, ரெண்டு மைனஸும் அடிச்சுக்கிட்டு ப்ளஸ் ஒன்பது எக்ஸ், அதுவும் சரி. ரெண்டும் சரி! ஏட்டி ரெண்டும் சரிட்டி! இடிக்கத் தோள் இல்லாம முழங்கை காத்துல போய் நின்னுச்சு. யாருகிட்டச் சொல்ல? இது தெரிஞ்சவ இந்த வகுப்புல இப்போதைக்கு இவ ஒருத்திதான், டீச்சருக்குக்கூட இந்த நிமிசத்துல தெரியாது, அந்தச் சந்தோசம் தொண்டை வரைக்கும் வந்து நிக்குது, சோடா குடிச்ச மாதிரி. எந்திரிச்சுச் சொல்லணும். சொன்னா? போன தடவையும் இப்படித்தான சரின்னு தோணுச்சு, இதே சோடாதான் தொண்டையில நின்னுச்சு, அன்னைக்கும் சத்தியம் பண்ணியிருப்பா, பிறகு எப்படி வந்துச்சு அந்தச் சிரிப்பு. மறுபடியும் தப்பாப் போச்சுன்னா இந்த வகுப்புல இனி அவ வாயைத் தொறக்க முடியாது, தொறந்தா ஒண்ணு வந்துட்டாட்டி ஒண்ணுன்னு சொல்லுவாளுக, ஏற்கனவே ரெண்டு பேரு சொல்லிக்கிட்டுத்தான் திரியுதாளுக. அதும் யாருக்காக? காய் விட்டவளுக்காக. சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? பத்தாவது விடைன்னு டீச்சர் எழுதப் போயிட்டாங்க. எழுதி முடிச்சா பேப்பர் எல்லாம் மேசைக்குப் போயிரும். போனாப் போகட்டுமே. போகட்டும். சரியா இருக்கிறதுக்குத் தப்புப் போட்டா அது எங்க போகும், ராத்திரி தூங்க விடுமா, சரியாத்தான இருந்தேன், சரியாத்தான இருந்தேன்னு காதுக்குள்ள கத்திக்கிட்டே கெடக்காதா. ஜோவிட்டாவுக்காக இல்ல. அவளுக்காகச் சுண்டு விரலைக்கூட அசைக்க மாட்டேன். இந்த மூணு எக்ஸுக்காக. இந்தப் பாவப்பட்ட மூணு எக்ஸுக்கு என்னை விட்டா கேக்க நாதி கெடையாது.

எந்திரிச்சுட்டா. பெஞ்சு கிரீச்னுச்சு. வகுப்பு ஓஓன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு, சினிமா தியேட்டர்ல டைட்டில் போட்டா குடுக்கிற மாதிரி. டீச்சர் திரும்பிப் பாத்து, வா பிரம்மசக்தி, என்னடா இன்னைக்கு இன்னும் கேஸு வரலையேன்னு பாத்தேன்னாங்க. டீச்சர், ஒன்பதாவதுக்கு இன்னொரு விடையும் சரின்னா இவ, குரலு முத வார்த்தையில கீச்சுன்னு போய் ரெண்டாவதுல ஒழுங்காச்சு. யாரு சொன்னா? பெருக்கல் சொல்லுது டீச்சர். உன் பேப்பரா அது? இல்ல டீச்சர், நான் நீங்க போட்டதுதான் போட்டிருக்கேன். பிறகு யாரு பேப்பரு? எனக்கு எப்படித் தெரியும் டீச்சர், நீங்கதான பேரு எழுதக் கூடாதுன்னீங்க. சிரிப்பு வந்துச்சு, ஆனா இது வேற சிரிப்பு, இவ பக்கம் நிக்கிற சிரிப்பு, காதுக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு. முன்பெஞ்சுல ஒரு முதுகு மட்டும் சிரிக்கல, இன்னும் நிமிந்துச்சு, ஜடை ரெண்டும் அசையாம நின்னுச்சு, தெரிஞ்சுருச்சு அவளுக்கு, தெரியட்டும். டீச்சர் சாக்பீஸை நீட்டினாங்க, வந்து போடு. கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியணும்னு எழுத்தைப் பெருசு பெருசா எழுதினா. 3x(3 − 2x)னு எழுதி, மூணு எக்ஸ்ல இருந்து மூணுக்கு ஒரு வளைவு, மைனஸ் ரெண்டு எக்ஸுக்கு ஒரு வளைவு, வாய் விட்டுச் சத்தமாப் பெருக்கினா, ஒன்பது எக்ஸ் மைனஸ் ஆறு எக்ஸ் ஸ்கொயர், இந்தா டீச்சர், ரெண்டு பேரும் இருக்காங்க, யாரும் கடலுக்குள்ள விழல. டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் போர்டையே பாத்தாங்க. மைனஸை வெளிய எடுக்கணும்னு நான் சொல்லியிருக்கேன்லட்டி? எடுக்கணும்னு நீங்க சொன்னீங்க டீச்சர், கணக்கு சொல்லலையே. இதைப் போட்டவங்க மைனஸ்காரரை முதல்ல நிக்க விடல, ப்ளஸ்காரரை முன்னால தள்ளி விட்டுட்டாங்க, முத ஆளு சிரிச்ச முகமாத்தான நிக்காரு, பாருங்க. பிரம்மசக்தி உள்ளங்கையில சாக்பீஸ் நனைஞ்சு மாவாச்சு, போச்சு, இந்தா சிரிக்கப் போறாளுக, இந்தா, இந்தான்னு அவ காத்துக்கிட்டு இருக்கும்போது டீச்சர் வாயோரத்துல ஒரு சுருக்கம் விழுந்துச்சு. ரெண்டும் சரிதாம்ட்டி. இப்படிப் போட்டவங்க எல்லாருக்கும் மார்க்குப் போடுங்க. வகுப்புல அங்கங்க நாலஞ்சு பேரு ஏய்ன்னு கத்தினாளுக, ஒருத்தி பெஞ்சுல தாளம் போட்டா, அதே நேரத்துல கரண்டும் வந்து பேனு கடகடன்னு சுத்த ஆரம்பிச்சு மேசை மேல கெடந்த தாளெல்லாம் பறந்துச்சு. போன தடவை ஒண்ணுக்காகத் தோத்துட்டே, இன்னைக்கு மூணுக்காக ஜெயிச்சுட்டே, இனிமேலாவது பீரியடை நடத்த விடுவியான்னாங்க டீச்சர். அது கணக்கைப் பொறுத்து டீச்சர்னு சொல்லிட்டு வந்து உக்காந்தா பிரம்மசக்தி.

உக்காந்ததும் முதல் வேலையா அந்தப் புள்ளியை அழிரப்பரால அழிச்சா, அழிச்ச இடத்துல சரி போட்டா, கொஞ்சம் பெருசாவே போட்டா, மேல பத்துக்கு ஆறுன்னு எழுதினா. கையும் காலும் லேசாகிப் பறக்குற மாதிரி இருந்துச்சு, எதுக்கு இவ்வளவு சந்தோசம், கப்பு இவளுக்கா குடுக்கப் போறாங்க, வேன்ல இவ போகப் போறதில்ல, இருந்தாலும் கன்னம் தானா இழுத்துக்கிட்டுச் சிரிக்குது, அடங்குன்னா அடங்க மாட்டேங்குது. பேப்பரை மேசைக்குக் குடுத்து விடும்போதுதான் பின்பக்கத்தைப் பாத்தா. இவ்வளவு நேரமும் வீம்புக்குத் திருப்பாமலே வச்சிருந்தா. படம்னு என்னத்தையோ வரைஞ்சிருக்கா, கீழ அகலமா, மேல போகப் போகக் கூம்பி, வரிவரியாச் சுருண்டு, பக்கத்துல இருக்கிற ரேணுகா எட்டிப் பாத்துட்டு, இது என்னட்டி சங்கா கோபுரமான்னா. கோபுரத்துக்கு முனை இருக்கும்ல, இதுக்கு முனை இல்ல. உடைஞ்சு கெடக்கு. பிரம்மசக்திக்கு வாயில எச்சி ஊறுச்சு, ஊறினது முந்திரி வாசத்துலதான், வேற எதுக்கும் இல்ல, பசி, மத்தியானம் சரியாச் சாப்பிடல, அவ்வளவுதான், கண்ணுல தூசி விழுந்தது பேனு சுத்தினதால. அவளும் பசியிலதான் வரைஞ்சிருப்பா. ரெண்டு வாரமா உடைஞ்ச மக்ரூனை எல்லாம் ஒத்தையில தின்னுருப்பா, தின்னி.

தாளெல்லாம் மேசையில பரத்தி வச்சாங்க, கூட்டமா ஓடிப் போய் ஆளாளுக்கு எடுத்துட்டு வந்தாளுக, பிரம்மசக்தி வரைஞ்சது நண்டு, ஒத்தைக் கொடுக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கிற நண்டு, அதைத் தேடிப் பிடிச்சு எடுத்துட்டு வந்து திருப்பினா பத்துக்கு ஒன்பது. ஒன்பதா? எதுல போச்சு ஒண்ணு? எல்லாமே சரியாத்தான போட்டா, ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை திருப்பிப் பெருக்கிப் பாத்துத்தான போட்டா. மூணாவதுல ஒரு தப்பு, டீச்சர் அதுக்கு விடை எழுதும்போது இவ ஜோவிட்டா தப்பைக் கொண்டாடிக்கிட்டு இருந்தா, தன் விடையை நினைக்கல. 12x²y + 18xy². இவ போட்டிருக்கா 2xy(6x + 9y)னு. பெருக்கினா வருதே, பன்னெண்டு வருது, பதினெட்டு வருது, எல்லாரும் இருக்காங்க, பிறகு எதுக்குட்டி தப்பு, எவட்டி இதைத் திருத்தினதுன்னு கண்ணு சிவக்கப் பாத்தா, தப்புக்குப் பக்கத்துல பென்சிலால பொடி எழுத்துல, இடது பக்கமாச் சாஞ்ச எழுத்துல, உள்ள இன்னும் மூணு கெடக்குன்னு எழுதியிருக்கு. அம்புட்டுத்தான். ரெண்டு வாரம், காய், பஸ் ஸ்டாப்பு, வீம்பு எல்லாம் எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியல, முன்பெஞ்சுத் தோள்ல ஓங்கி ஒரு தட்டுத் தட்டினா. ஏட்டி! இது என்னட்டி? பெருக்கினா வருதுல்லாட்டி, கண்ணு தெரியலையா உனக்கு? ஜோவிட்டா திரும்பாமலே சொன்னா, பெருக்கினா வரும், ஆனா மீப்பெரு பொதுக் காரணின்னு கேட்டிருக்கு, ஆறுலயும் ஒன்பதுலயும் பொதுவா ஒரு மூணு உள்ளயே கெடக்கு, ஆறு எக்ஸ் ஒய்யை வெளிய எடுத்திருக்கணும், நீதான பஸ்ல சொல்லிக் குடுத்தே, முதல்ல எண்ணைப் பாருன்னு. நான் சொன்னதை எனக்கே சொல்லுதியா? பின்ன, வேற யாருக்குச் சொல்ல? அது என் பேப்பருன்னு உனக்கு எப்படிட்டி தெரியும்? நீ எழுதினா பேனா அந்தப் பக்கம் வரைக்கும் குத்திக்கிட்டு வருதுட்டி, பின்னால தடவிப் பாத்தா கண்ணு தெரியாதவளுக்குக்கூடத் தெரியும், நாலுல தேடித்தான் எடுத்தேன். தேடி எடுத்துத் தப்புப் போட்டியாக்கும், உனக்காக நான் அங்க உயிரைக் குடுத்துச் சண்டை போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். யாரு போடச் சொன்னா? யாரும் சொல்லல, நான் மூணு எக்ஸுக்காகத்தான் போட்டேன், உனக்காக இல்ல. தெரியும்னா ஜோவிட்டா. அந்தத் தெரியும்ல சிரிப்பு இருந்துச்சு, முதுகு குலுங்குச்சு, ஜடை ரெண்டும் ஆடுச்சு. என்னட்டி அங்க சத்தம்னு டீச்சர் கேட்டாங்க, கணக்கு டீச்சர்னாளுக ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினதும் ஜோவிட்டாவோட இடது கை பெஞ்சுக்கு அடியில பின்னால வந்துச்சு, உள்ளங்கை ஓரமெல்லாம் நீல மை, ஆள்காட்டி விரலும் நடு விரலும் ஒட்டி நீண்டுக்கிட்டு நிக்குது. பழம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பழம் விடுற வயசா இது, வெக்கமா இல்லையாட்டி உனக்குன்னு கேக்க வாயைத் தொறந்தா பிரம்மசக்தி, ஆனா வந்தது வேற, ஒழுங்கா அரை மார்க்காவது குடுட்டி, பாதி வெளிய எடுத்திருக்கேன்ல, ரெண்டு எக்ஸ் ஒய் சும்மாவா வந்துச்சு, நாளைக்கு டீச்சர்கிட்டக் கேப்போம், அதுக்கு முன்ன நீ பஸ்ல பதில் சொல்லணும், சொல்லாம விட மாட்டேன்னு அவ வாயி பாட்டுக்குப் பேசிக்கிட்டே கெடக்க, கையைப் பாத்தா அது அவளைக் கேக்காம ஏற்கனவே பெஞ்சுக்கு அடியில போயிருந்துச்சு, ரெண்டு விரலை நீட்டிக்கிட்டு.